அஞ்சலட்டையில் அரூபம்

பெரிய சித்திரசாலைகளுக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடுவது அங்கே தபாலட்டைகள் விற்கிற கடையைத்தான் என்று சொன்னால் கலாரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். ஆயினும், சுவரை அடைத்துக்கொண்டிருக்கும் ஓர் அரூப சித்திரத்தின் முன்னால் நின்று, பக்கத்திலுள்ளவர் தலையை அசைக்கும்போதே நாமும் அசைக்க வேண்டுமா, அல்லது அவர் அசைத்து முடித்த பிறகு அசைத்தால் போதுமா என்று தவிப்பதைக் காட்டிலும், அதே சித்திரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நம் முகபாவத்தை ஒருவரும் கவனிக்காத மூலையில் சாவகாசமாகப் பரிசீலிப்பது எவ்வளவோ உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

நியூயார்க்கில் 1951-இல் தம் பிரம்மாண்டமான படங்களைக் காட்சிக்கு வைத்த பார்னெட் நியூமன், பெரிய படங்களை எட்ட நின்று பார்க்கிற வழக்கத்தை விட்டுக் கிட்ட வந்து பாருங்கள் என்று ஓர் அறிவிப்பும் வைத்தார். அப்போது வைத்திருந்த செந்நிறப் படமொன்றின் அகலம் 541 சென்டிமீட்டருக்கும் அதிகம். அட்டையிலோ அது 15 சென்டிமீட்டரைத் தாண்டாது. படத்தில் மேலிருந்து கீழாக ஓடுகிற மெல்லிய கோடுகளில் ஒன்றைத் தலைமயிர் ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்து, வீட்டுக்கு வந்திருந்த என் மைத்துனர் நகத்தால் வெகுநேரம் சுரண்டிக்கொண்டிருந்தார். கலைக்கு இது அபசாரம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் தபாலட்டையை எட்ட நின்று பார்ப்பவர் உலகத்தில் எவருமில்லை ஆகையால், நியூமனின் கட்டளை பூரணமாக நிறைவேறுவது அட்டையில்தான் என்றே நான் வாதிப்பேன்.

இனி, எது மேல் எது கீழ் என்கிற சம்சயம். விலாசம் எழுதும் பக்கத்தில் நாலு கோடுகளும் தபால்தலைக்கு ஒரு கட்டமும் அச்சிட்டிருப்பதால், அகலவாட்டுப் படமானால் விலாசத்தை நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் போதும், படமும் நேராகிவிடும். நெட்டைப் படங்களுக்கோ அந்த அனுகூலமும் கிடையாது, ஏனெனில் பின்பக்கம் படுத்துக்கொண்டிருக்கும்போது முன்பக்கம் எந்தத் தோளில் நிற்கிறது என்று எவர் சொல்ல முடியும்? இந்தத் தத்தளிப்பு நம் போன்ற பாமரருக்கு மட்டும் உரியதன்று. பியட் மோந்த்ரியான் 1941-இல் வர்ண நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்த 'நியூயார்க் சிட்டி 1' என்ற படைப்பு, 1945-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்த காலம் முதல், பிற்பாடு ஜெர்மனியில் டூஸல்டார்ஃப் நகரத்துச் சித்திரசாலைக்குப் போய்ச் சேர்ந்த பின்பும், தலைகீழாகவே தொங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று 2022-இல் அந்தச் சாலையாரே வெளியிட்டார்கள். ஓவியரின் அறையில் அது நேர்மாறாக நிற்கும் புகைப்படம் 1944-ஆம் வருஷத்துப் பத்திரிகை ஒன்றில் வெளியாகியிருந்ததும் ஒரு சாட்சியம். சரி, திருப்பி மாட்டிவிடலாமே என்றால், இத்தனை வருஷம் ஒரு நிலையில் இருந்து பழகிய நாடாக்கள் திருப்பினால் உதிர்ந்துபோகும் என்று அஞ்சி, அப்படியே விட்டுவிட்டார்கள்! அட்டைக்கு இந்த அபாயமில்லை. நான் அனுப்பியதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருக்கும் என் சித்தப்பா, அவ்வப்போது கண்ணாடியைத் தூக்கி அட்டையைக் கால் திருப்பு திருப்பிவிட்டு, ஒரு கார்டு விலைக்கு நாலு சித்திரங்கள் கிடைத்தன என்று சிலாகிக்கிறார்.

வர்ணத்தில் மாத்திரம் அட்டை தோற்றுவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நீலத்தையே உபாசித்த ஈவ் க்ளைனின் படத்தில் தூளாகவே உறங்குவதுபோல் காணும் அந்த நீலம், நாலு மைகளால் அச்சாகும்போது சொட்டு நீலமாகி, வழவழப்பான அட்டையாயிருந்தால் நடுவில் நம் வீட்டுக் குழல்விளக்கையும் சேர்த்துக் காட்டுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலோ நீலப் புள்ளிகளுக்கு நடுவே ரோஜாநிறப் புள்ளிகள் வேறு எட்டிப் பார்க்கின்றன. க்ளைன் இதற்கெல்லாம் முன்னதாகவே பரிகாரம் தேடிக்கொண்டவர் போலும்: 1957-இல் பாரிஸில் நடத்திய கண்காட்சிக்கு அனுப்பிய அழைப்பு அட்டைகளில், ராஜா தலையோ கட்டணத் தொகையோ இல்லாத வெறும் நீலச் சதுரத்தைத் தபால்தலையாக ஒட்டினார், அதன்மேல் தபாலாபீஸ் முத்திரையும் விழுந்தது. நம் ஊரில் அப்படி ஒட்டினால் பெறுகிறவர் இரட்டைக் கட்டணம் கட்டித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம்விட விசேஷமான சௌகரியம் ஒன்று உண்டு. நீர்வீழ்ச்சிப் படம் போட்ட அட்டையை அனுப்பினால், பெறுகிறவர்கள் படத்தையே பார்த்துப் பெருமூச்செறிந்து, நாம் மட்டும் போய்வந்ததை மனத்தில் குறித்துக்கொண்டு, எழுதியதைப் படிக்காமலே வைத்துவிடுகிறார்கள்; அரூப சித்திரத்தைக் கண்டவர்களோ, அர்த்தம் பின்பக்கத்தில் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையால் உடனே திருப்பி, நம் கையெழுத்தை ஓர் அக்ஷரம் விடாமல் வாசிக்கிறார்கள். மாலேவிச் 1915-இல் பெட்ரோகிராடில், ருஷ்ய வீடுகளில் சுவாமி படம் வைக்கிற உயரமான மூலையிலே மாட்டிக் காட்டிய கறுப்புச் சதுரத்தின் அட்டையில், "மழை விட்டபாடில்லை, மற்றபடி சௌக்கியம்" என்று எழுதி, கும்பகோணத்திலிருக்கும் அத்தைக்கு அனுப்பினேன். மூலப் படத்தின் கறுப்பில் காலக்கிரமத்தில் ஏற்பட்ட வெடிப்புகளை, தபால்காரர் அட்டையை மடித்ததால் வந்தவையென்று அத்தை முடிவு கட்டியது ஒருபுறமிருக்க, படத்தின் பொருளைப் பற்றி அவளுக்கு அணுவளவும் சந்தேகம் எழவில்லை. அவ்வளவு கருமேகத்தில் குடையில்லாமல் திரியாதே என்று பதில் வந்தது. பிற்பாடு, அதே மாலேவிச் 1918-இல் வெள்ளையின் மேல் வெள்ளையாகத் தீட்டிய சதுரத்தின் அட்டையில் உடம்பு சௌக்கியம் என்று மட்டும் எழுதி அனுப்பியபோது, அங்கே வானம் நன்றாக வெளுத்துவிட்டது பற்றிப் பரம சந்தோஷம் என்றும், இனியாவது துணிமணிகளை வெயிலில் உலர்த்திக்கொள்ளும்படியும் அத்தை எழுதியிருந்தாள்.