சைக்கிள்ல இருந்து எறங்கின பெறவு

வாடா பேராண்டி, இப்படிக் கட்டில்ல உக்காரு. மறுபடியும் கோவா டிரையத்லான் போட்டிக்குப் பணம் கட்டிட்டியாமே? "காசையும் குடுத்துக் காலையும் ஒடிச்சுக்கிறான் மாமா"ன்னு உங்க அம்மா வந்து பொலம்பிட்டுப் போறா. நான் உனக்காகத்தான் பரிஞ்சு பேசினேன். சீட்டு, சூதுன்னு போகாம, ஆகாத காரியத்தை விடியக்காலமே முடிச்சுட்டு வீட்டுக்கு வந்துருதான், விடு தாயின்னேன்.

"எங்க காலத்துல கெணத்துல நீந்தினோம், சைக்கிள்ல சந்தைக்குப் போனோம், ஆட்டுக்குப் பின்னால ஓடினோம்"னு ஆரம்பிப்பேன்னு பாக்கியா? மாட்டேன். நீந்தினதும் நெசம், மிதிச்சதும் நெசம். ஆனா 1.9 கிலோமீட்டர் கடல்ல நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு, அதோட நிக்காம 21.1 கிலோமீட்டர் ஓடணும்னு எங்களுக்குத் தோணினதே இல்ல. கெணத்துல குளிச்சா தூக்கம் வரும். தூங்கிட்டோம். புத்தி கம்மிதான்.

இந்தக் கூத்து ஹவாய்த் தீவுல மொளைச்சுதுன்னு நீதானே சொன்னே? நீந்துறவனுக்கு வலு அதிகமா, ஓடுறவனுக்கா, சைக்கிள்காரனுக்கான்னு பேச்சு முத்திப்போயி, ஜான் காலின்ஸ்னு ஒரு கடற்படை அதிகாரி, தீவுல தனித்தனியா நடந்துக்கிட்டிருந்த மூணு போட்டியையும் ஒண்ணாக் கட்டிவிட்டார். நம்ம ஊர்ல இப்படி ஒரு வழக்கு வந்தா ரெண்டு டீயோட தீர்ந்துபோகும். அங்க விலக்கிவிட ஆளில்ல போல. 1978-ல 15 பேர் எறங்கி, 12 பேர் முடிச்சாங்க. 3.8 நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம், அத்தனையும் கிலோமீட்டர். உன்னோடது அதுல சரிபாதி. இந்தப் 'பாதி'ங்கிற வார்த்தையை உங்க அம்மாகிட்ட விட்டுறாதே, முழுசா ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுபோகும். அன்னைக்கு ரெண்டாவதா வந்த ஜான் டன்பாருக்கு வழியில தண்ணி தீர்ந்துபோக, கூட வந்தவங்க பீரைக் குடுத்து ஓட வச்சாங்களாம். அந்த இடத்துலதான் எனக்கு இந்த வெளையாட்டு மேல ஒரு மரியாதை வந்துச்சு.

சரி, போன தடவை நீ கோவாவுல பண்ணின கதைக்கு வருவோம். நீச்சல் குளத்துத் தரையில கருப்புக் கோடு போட்டிருக்கும், நீ அதைப் பாத்தே பழகிட்டே. மிராமார் கடலுக்கடியில எவன் கோடு போட்டு வச்சிருப்பான்? நாலஞ்சு கை போட்டதும் தலையைத் தூக்கி மிதவையைப் பாக்கணும்னு சொல்லித்தானே அனுப்பினாங்க? தொரை பாக்கல. கடைசியில உன் கைக்கடிகாரம் 2.3 கிலோமீட்டர்னு காட்டுச்சு. கூட நீந்தினதுக்குத் தனியாக் காசு கேக்கல, அந்த மட்டும் சந்தோஷம்.

கரையேறினா டிரான்சிஷன், நீச்சலை விட்டுச் சைக்கிளுக்கு மாறுற எடம். ஹெல்மெட் வாரை மாட்டாம ஸ்டாண்டுல இருந்து சைக்கிளை எடுத்தா தண்டனையாமே? அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. இங்க போலீஸ்காரரைக் கண்ட பெறவுதானே பெட்ரோல் டாங்க்ல கெடக்கிறதை எடுத்துத் தலையில கவுக்கீங்க.

சைக்கிள்லதான்டா உன் வண்டவாளம். முன்னால போறவனுக்கு 12 மீட்டர் தள்ளித்தான் வரணும், அவன் முதுகுக்குப் பின்னால காத்துக்கு ஒதுங்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனா எவனோ ஒரு பொடிப்பய உன்னைத் தாண்டினான்னு அம்புட்டு தூரம் அவனைத் துரத்திக்கிட்டுப் போனியே, அது எந்தச் சட்டத்துல இருக்கு? அவன் உன் பங்காளியா? வரப்பை வெட்டினானா? எறங்கி ஓடப் போனா கால் பொறந்த கன்னுக்குட்டியாட்டம் தள்ளாடுது. மிதிச்ச காலை உடனே ஓடச் சொன்னா அப்படித்தான் செய்யும். அதுக்குத்தான் மிதிச்ச கையோட ஓடிப் பழகி, அதுக்கு 'பிரிக்'னு பேரும் வச்சிருக்கீங்க. நீயும் பழகினே. என்ன, பழகையில துரத்துறதுக்கு அந்தப் பொடிப்பய இல்ல.

பெறவு ஓட்டத்துல பாதி நடை. போட்டோ எடுக்கிறவனைக் கண்டா மட்டும் ஓட்டம்! படத்துல பாத்தா சிங்கம். எட்டரை மணி நேரம் கெடு, அது முடியப் போற நேரத்துல கோட்டைத் தொட்டே.

இந்தத் தடவை பொடிப்பய தாண்டுவான். தொந்திக்காரன் தாண்டுவான். ஒரு பொம்பளப்புள்ள தாண்டும். கும்பிடு போட்டு வழிவிடு. அதுல பாதிப் பேர் ஓட்டத்துல தொடையைப் புடிச்சுக்கிட்டு ரோட்டோரம் நிப்பாங்க. அப்பவும் கும்பிடு போட்டுக்கிட்டே நீ தாண்டு. மடோனா பூடர்னு ஒரு கன்னியாஸ்திரி, 2012-ல கனடாவுல, 82 வயசுல அந்த முழுப் போட்டியை முடிச்சாங்க. வழியில எத்தனை பொடிப்பயலைத் துரத்தியிருப்பாங்கங்கே?

வெறும் தண்ணியா ஊத்தி வயித்தை ரொப்பாதே. வேர்வையில உப்பும் சேந்துதான் போகுது. தண்ணி மட்டும் ஏறினா ரத்தத்துல உப்பு நீத்துப்போயி ஆளையே சாய்ச்சுரும். வழியில தெம்புக்கு உறிஞ்சுற அந்த ஜெல்லும் அப்படித்தான், பழகாத ஒண்ணைப் போட்டியன்னைக்கு வாயில வைக்காதே. ஓசியாக் குடுப்பான், ஓசின்னா நம்ம குடும்பத்துக்குக் கை தானா நீளும், எனக்குத் தெரியாதா.

பதக்கத்தை நீயே வச்சுக்க. எனக்குக் கோவா முந்திரி வாங்கிட்டு வா. கொட்டை வேண்டாம், பல்லு இல்ல. பழத்துல இருந்து எறக்கிப் பாட்டில்ல விப்பாங்களே, அது. ஆச்சி கேட்டா முந்திரிப்பழச் சாறுன்னு சொல்லு, பொய்யில்லையே.