குடும்பச் சூழ்நிலை காரணமாக

நான் குடியிருப்பது கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில். ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். 2024 ஜூனில் விஷச் சாராயம் கொண்டுபோன அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் பலர் எங்கள் பகுதிக்காரர்கள். அந்தக் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிக்க வேண்டுமென்றால் இங்கே வேறொரு ஆள் இருக்கிறான். தினமும் காலையில் என் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொள்கிறான்.

எனக்கு ஜெராக்ஸ், டைப்பிங் கடை. மனு, வாடகைப் பத்திரம், பயோடேட்டா, ராஜினாமா எல்லாம் அடித்துத் தருவேன். ஆண் வேலையை விட்டால் காரணம் விதவிதமாக வரும்: வேறு கம்பெனி, சிங்கப்பூர், சொந்தத் தொழில், மேனேஜரோடு தகராறு (இதை மட்டும் நான் கொஞ்சம் நாகரிகப்படுத்துவேன்). பெண் விட்டால் ஒரே காரணம்தான்: ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’. டீச்சரோ, நர்ஸோ, இன்ஜினீயரோ, யார் வந்தாலும் அதே மூன்று சொல். அடித்து அடித்து விரல் அலுத்துப்போய், எஃப் 9-ஐத் தட்டினால் மூன்றும் தானாக வந்து விழும்படி செய்துவைத்தேன்.

என் மனைவி கல்வராயன் மலையில் அரசுப் பள்ளி ஆசிரியை. நாலரைக்கு எழுந்து, சமைத்து, நாலு டப்பா கட்டி, காச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைப் பக்கம் பஸ் ஏறுவாள். பாதி நாள் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்து நின்றபடிதான் பயணம். இருட்டும்போது திரும்புவாள். அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் நான் அன்போடு சொல்லும் முதல் வார்த்தை, “காபி.”

போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தது. பையன் கணக்கில் முப்பத்தைந்துக்கு இறங்கினான். பொறுப்புள்ள குடும்பத் தலைவனாக நான் முடிவெடுத்தேன்: அவள் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். ‘பாவம், அவள் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை’ என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நாலு டப்பாவில் ஒன்றை நான் கட்டினாலும் அந்தப் பாடு கொஞ்சம் குறையும் என்பது ஏனோ புத்தியில் தட்டவில்லை.

என்னைவிடப் பெரிய இடங்களிலும் இப்படி யோசித்திருக்கிறார்கள். 1951-ல் ஐ.ஏ.எஸ்.ஸில் சேர்ந்து நம் சென்னை மாநிலத்துக்கு வந்தவர் அன்னா ராஜம் ஜார்ஜ். கல்யாணமானால் வேலை போய்விடும் என்று அவருடைய நியமன உத்தரவிலேயே எழுதியிருந்தது. 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த சி.பி. முத்தம்மாவும் அப்படியொரு உறுதிமொழி கொடுத்துத்தான் உள்ளே போனார். அத்தகைய விதிகளை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு 1979-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்கு இடைஞ்சல் என்றால் ஆணுக்கும் அதே இடைஞ்சல் வரலாமே என்று கேட்டார் நீதிபதி கிருஷ்ணய்யர். விதி ஒழிந்தது. அந்தக் காலி இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாதான் முதலில் எதிர்த்தாள். “கவர்மென்ட் வேலையையாடா விடச் சொல்ற? அவ சம்பளம் எவ்ளோ, உன் கடையில மாசம் எவ்ளோ நிக்குது? கணக்குன்னு பாத்தா கடையைத்தான் மூடணும்.” முழங்காலில்தான் வலி, மூளை நன்றாகவே வேலை செய்தது.

அம்மா சொன்னதில் உலக நியாயம் இருக்கிறது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து பேறுகால விடுப்பு 12 மாதம். திரும்பி வந்தால் நாற்காலி இருக்கும். தனியாருக்கு 2017 சட்டத் திருத்தத்திலிருந்து 26 வாரம். ஆனால் என் கடைக்கு வரும் தனியார் பள்ளி டீச்சர்கள் பலருக்கு அந்த 26 வாரமும் சட்டப் புத்தகத்தில்தான். எஃப் 9 தேய்வது அவர்களால்தான்.

அந்த வாரம் ஒரு கல்லூரிப் பெண் புராஜெக்ட் அடிக்க வந்தாள். 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88. எண்பத்தெட்டா! யார் அந்தக் கடமை வீரர்கள்? என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் மோட்டாரைப் போடுவது, தொட்டி நிரம்பும்வரை மாடியில் நின்று வேடிக்கை பார்ப்பது, அணைப்பது, ஆக 12 நிமிடம். வாரத்துக்கு 84. ஏழு நாள் உழைத்தும் அந்த ஒரு நாள் கணக்குக்கு 4 நிமிடம் குறைந்தது.

இருந்தாலும் எடுத்த முடிவு எடுத்ததுதானே. மனைவியின் ராஜினாமாவை நானே அடித்து, பார்டர் எல்லாம் போட்டு, சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. விடைத்தாள் கட்டோடு கட்டாக அதையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் காபி டம்ளருக்கு அடியில் என் கடிதம் இருந்தது. சந்திப்பிழை மூன்று, வட்டமிட்டு. பத்துக்கு இரண்டு மதிப்பெண். ‘குடும்பச் சூழ்நிலை’க்கு அடியில் சிவப்பு மையில் கோடு, பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்தில்: ‘பெயர் குறிப்பிடுக.’

இரண்டு தரம் படித்தேன். வீட்டில் அந்தப் பெயருக்குப் பொருத்தமான ஆள் ஒருவன்தான்.

அவள் வேலையை விடவில்லை. நான் இப்போது இரண்டு டப்பா கட்டுகிறேன். மூடி மாறி, ரசம் பையில் கொட்டி, மலையிலிருந்து போனில் திட்டு வருகிறது.

போன வாரம் ஒரு தனியார் பள்ளி டீச்சர் கடைக்கு வந்தார். “காரணம் என்னம்மா போடட்டும்?” என்றேன். “வழக்கமா போடுறதுதான் சார்.” வெளியே பைக்கில் உட்கார்ந்தபடி சூழ்நிலை ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. விரல் எஃப் 9-க்குப் போய்த் திரும்பியது. “பிரின்டர் மக்கர் பண்ணுதும்மா, நாளைக்கு வாங்க” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

மறுநாள் அவர் வரவில்லை. மனசு மாறியிருக்கலாம் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவி தலை நிமிராமலே கேட்டாள்: “ஏங்க, அடுத்த தெருவுலயும் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்குல்ல?”