மாக்டபர்க் போன மரக்காணத்தார்

புரட்டாசி மழை மிரட்டத் தொடங்கியதும் மரக்காணத்தில் உப்பு வாருவது நின்றுவிடும். குவித்த அம்பாரங்களைக் கீற்று போட்டு மூடுவார்கள். அதையொட்டி வடக்கேயிருந்து பக்கத்துக் கழுவெளிச் சதுப்புநிலத்துக்கு வாத்தும் உள்ளானும் வந்து இறங்கும். நம் தம்பி படிப்பதற்கு ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத்துக்கு விமானம் ஏறுவார். வந்த பறவைகளுக்கு நாம் 2021-இல் சரணாலயமே அறிவித்தோம். போன தம்பியிடம் அந்த ஊர்க்காரர்கள் கேட்டது பிளாக்டு அக்கவுண்ட். ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோ, அதாவது பத்து லட்சத்துக்கு மேல், முன்கூட்டியே கட்டவேண்டும். கட்டியது நம் பணம்தான் என்றாலும் மாதம் 992 யூரோவுக்கு மேல் தொடமுடியாது. மாமியார் கையில் கொடுத்த நகை மாதிரி.

இந்தத் தம்பி ஒருவரில்லை, ஓர் இனம். அப்பா உப்பளக் குத்தகைக்காரர். தம்பி பாத்தியில் கால் வைத்தவரில்லை. வைத்தால் வெடிப்பில் எரியும் என்று தெரிந்த அளவுக்கு விவரமானவர். சென்னையில் இன்ஜினீயரிங் படித்த நாலு வருஷமும் யாராவது ஊர் கேட்டால் "பாண்டி பக்கம்" என்பதோடு சரி. பாண்டி என்றதும் கேட்டவர் முகம் மலர்ந்து, அங்கே என்ன விலை என்கிற பேச்சுக்குப் போய்விடுவதால் இவருக்கும் வசதி.

பெட்டிக்கு 23 கிலோ கணக்கு. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நாலு கவர் சுற்றிய கருவாடு. இதற்கெல்லாம் நடுவே அம்மா இரண்டு கிலோ கல்லுப்பு வைப்பார். "அந்த ஊரு உப்பு எப்டி இருக்குமோ கண்ணு!" தம்பி எடுத்து வெளியே வைப்பார், அம்மா திரும்ப உள்ளே வைப்பார். தராசு முள் தாண்டியதும் எதையாவது இறக்கித்தானே ஆகவேண்டும்? இறங்கியது தெர்மோடைனமிக்ஸ் புத்தகம்.

மாக்டபர்க்கில் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் சிட்டி ரெஜிஸ்ட்ரேஷன் முடிக்கவேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் வேண்டும். அட்வான்ஸ் பிளாக்டு அக்கவுண்டில் இருக்கிறது. அதை எடுக்க அந்த ஊர் வங்கிக் கணக்கு வேண்டும், வங்கியோ ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர் எங்கே என்று கேட்கும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம். முதல் ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகக் கடைக்குக் கிளம்புவார். ஊரே பூட்டிக்கிடக்கும். வெறும் சோற்றில் புளிக்காய்ச்சலைப் பிசைந்தபடி, அங்கே ஞாயிறு கடை கிடையாது என்கிற பாடத்தைப் படிப்பார்.

யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் வியாதி எல்லோருக்கும் உண்டு. இவர் ஒரு படி மேலே போய் ரூபாயை மூட்டையாக மாற்றுவார். காபியா, இரண்டு மூட்டை உப்பு. முடிவெட்டவா, வேண்டாம், அம்பாரமே போய்விடும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் என்று தெரிந்த நாளிலிருந்து குனிந்த தலை நிமிராமல் நடப்பார். அம்மாவிடம் சொன்னால் பையனுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

2023-24 கணக்கில் ஜெர்மனியில் படிக்கும் இந்திய மாணவர்கள் 49 ஆயிரத்துக்கு மேல். வெளிநாட்டு மாணவர்களில் நம்மவர்களுக்கே முதலிடம். ஆகவே தம்பி மூன்றே மாதத்தில் ஒரு புது மொழி சரளமாகப் பேசுவார். தெலுங்கு.

பனி விழும் காலையில்தான் திருப்பம். வீடியோ காலில் கூவுவார்: "அப்பா, ரோட்ல உப்பு கொட்டிக் கெடக்குது பாரு!"

"இன்னாடா, லாரி கவுந்துடுச்சா?"

"இல்லப்பா, ஐஸ் உருகறதுக்குக் கொட்றாங்க."

அப்பா சற்று யோசிப்பார். "குல்பிக்காரன் பானையில ஐஸோட உப்பு போட்டா குல்பி கெட்டியாவுது. அங்க போட்டா உருகுதா?"

தம்பி படிப்பது பிராசஸ் இன்ஜினீயரிங் மாஸ்டர்ஸ். உடனே நெட்வொர்க் போய்விடும். விஷயம் ஒன்றுதான்: உப்பு பட்டால் ஐஸ் உறைநிலை இறங்கி உருகும், உருகும்போது பக்கத்தில் இருக்கும் சூட்டை இழுக்கும். பானையில் அந்தச் சூட்டைக் குல்பி கொடுத்துவிட்டு இறுகுகிறது, ரோட்டில் தரையும் காற்றும் கொடுக்கின்றன. பதில் இருந்த புத்தகம் மரக்காணம் வீட்டு அலமாரியில் இருந்தது.

அன்றிலிருந்து தம்பி உப்பு நிபுணர். ரயிலேறி ஹாலே நகரத்து உப்பு மியூசியத்துக்குப் போவார். கிணற்றிலிருந்து உப்புநீர் இறைத்து, பெரிய தட்டில் ஊற்றி, விறகு வைத்துக் காய்ச்சி அந்த ஊர் பணக்கார ஊரான கதையை அப்பாவுக்குச் சொல்வார். "வெறகு வெச்சா? பாவம், வெயில் இல்லாத ஊரு" என்பார் அப்பா. பாண்டி பக்கத்துக்காரர் இப்போது வகுப்பில் "நாங்கள் தலைமுறையாக உப்பளத்துக்காரர்கள்" என்று ஆரம்பிப்பார். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதில் அந்த "இருக்கலாம்" ஹாலே போகும் வழியிலேயே உதிர்ந்துவிடும்.

ஆகஸ்ட் விடுமுறையில் ஊருக்கு வந்தவர், வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவுக்கு முன்னால் அளத்துக்குப் போய் நிற்பார். போன் கையில், கறுப்புக் கண்ணாடி முகத்தில். விடிவதற்கு முன்பே இறங்கி உப்பு வாரிக்கொண்டிருக்கும் பெண்களிடம், கம்பூட் போடாமல் வேலை செய்யலாமா, அங்கே இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதே என்று விளக்குவார். பலகையை நிறுத்தாமலே ஒரு அக்கா சொல்வார்:

"வரப்புலயே நில்லு தம்பி, பாத்தியில எறங்கிடாத. அந்த ஷூ எத்தினி மூட்டைக்கு வாங்குனதோ!"