குருவின் ஆவி

கொழும்புக் கோட்டையில் கோட்டை இல்லை. மதில்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரன் இடித்துவிட்டான். என்றாலும் பஸ்காரன் "பிட்டகொட்டுவ, பிட்டகொட்டுவ" என்று தொண்டை கிழியக் கத்த, இல்லாத கோட்டைக்கு வெளியே இருக்கும் புறக்கோட்டையில் நாங்கள் மரியாதையாக இறங்குகிறோம். இப்படியான ஊரில் வளர்ந்தவனுக்கு, கோள் நெபுலாவில் கோள் இல்லை என்பது ஓர் அதிர்ச்சியா?

பெயர் வைத்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்தவர். கோளைக் கண்ட கண்ணுக்குப் பிறகு கண்டதெல்லாம் கோள். வட்டமாய், மங்கலாய் ஏதும் அகப்பட்டால் 'கோள் போன்ற நெபுலா' என்று எழுதிவிடுவார். உண்மையில் அது, சூரியனைப் போன்ற நட்சத்திரமொன்று வயதுபோன காலத்தில் ஊதித் தள்ளிய தன் மேற்போர்வை. இன்னும் ஐந்நூறு கோடி ஆண்டளவில் நம் சூரியனும் இதைத்தான் செய்யப்போகிறது.

அப்படியொரு நெபுலாவைக் கொட்டாஞ்சேனை மொட்டைமாடியில் நின்று பார்க்க ஆசைப்பட்டேன். மனைவியின் அனுமதிக்கு ஜோன் டொப்சனைப் பிடித்தேன். சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்துகொண்டே, கழிவுக் கண்ணாடியிலும் பலகையிலும் தொலைநோக்கி செய்து காட்டியவர். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷனுக்குத் தவறாமல் போய்வருகிறவ மறுப்பாவா? "சாமியார் செய்ததெண்டால் செய்யுங்கோ" என்றா. அந்தச் சாமியாரை 1967இல் மடத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதை அவ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புறக்கோட்டையில் தெருவுக்கொரு சாமான். தங்கம் செட்டியார் தெருவில், சைக்கிள் டாம் வீதியில், இரும்பும் குழாயும் பழைய சோனகத் தெருவில். தொலைநோக்கிக்கு மட்டும் தெரு இல்லை. சோனகத் தெருவில் ஆறு அங்குல பிவிசி குழாய் நாலடி கேட்டேன்.

"தண்ணி எங்கயிருந்து வருது தம்பி?" என்றார் கடை நானா.

"தண்ணி இல்லை நானா. மேலயிருந்து வெளிச்சம் வரும்."

"மேல டேங்கா?"

"வானம்."

நானா கொஞ்சம் யோசித்தார். "மழைத் தண்ணிக்கு ஆறு இஞ்ச் வீண் செலவு. நாலு இஞ்ச் போதும்."

என் வாழ்க்கையில் வாடிக்கையாளனின் காசை மிச்சம் பிடித்த ஒரே வியாபாரி அவர். அவர் சொல்லைத் தட்டி ஆறு அங்குலம் வாங்கியது இன்றும் உறுத்துகிறது.

குழிந்த கண்ணாடி ஸ்காபரோவிலிருந்து வரவேண்டியிருந்தது. "வரேக்கை கண்ணாடி ஒண்டு கொண்டு வா" என்று மச்சானிடம் சொன்னேன். நல்ல கறுப்புக் கண்ணாடியாகப் பார்த்து வாங்கி வந்தான். அடுத்த வருடம் விளக்கமாகச் சொல்லி, நாலரை அங்குல ஆடி வந்து சேர்ந்தது.

எல்லாம் பூட்டி மேலே கொண்டுபோனால், வானம் எங்கே? ஒரு பக்கம் துறைமுக விளக்கு. மறுபக்கம் 350 மீற்றர் உயரத்தில் தாமரைக் கோபுரம், ஊதா நிறத்தில் கல்யாண வீடு மாதிரி. கோள் நெபுலாக்கள் சிறியவை, வெளிச்சம் ஓரிடத்தில் திரண்டவை. ஆகவே நகரத்திலும் தெரியும் என்று படித்திருந்தேன். எழுதியவர் கொட்டாஞ்சேனைக்கு வந்திருக்கமாட்டார்.

பிறகு 2022 மார்ச் கடைசி வந்தது. நாளுக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டு. அமாவாசையை அண்டிய இரவு. முழுக் கொழும்பும் நாட்டை ஏசிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் யாருக்கும் தெரியாமல் சந்தோஷமாக இருந்தேன்.

குறி, 'வியாழனின் ஆவி' என்ற கோள் நெபுலா. ஹெர்ஷல் 1785இல் கண்டது. தொலைநோக்கியில் வியாழன் அளவுக்குத் தெரிவதால் அந்தப் பெயர். நீர்ப்பாம்பு மண்டலத்தில் இருக்கிறது; பாம்பின் தலை நம் ஆயில்யம். தலையில் தொடங்கி உடம்போடு இறங்கி, மியூ என்ற நட்சத்திரத்திலிருந்து நாலு முழுநிலா அகலம் தெற்கே போகவேண்டும்.

இதை நான் சத்தமாகச் சொன்னது பிழை. வெக்கை தாங்காமல் மேலே வந்திருந்த மாமி திடுக்கிட்டா.

"ஆயில்யமோ? அது மாமிமாருக்குக் கூடாதெல்லே?"

"அது மருமகளுக்குத்தான் மாமி. நான் மருமகன்."

"அதென்ன ஆவி?"

"வியாழனின் ஆவி."

"ஐயோ, குருப்பெயர்ச்சிக்கு இன்னும் இரண்டு கிழமை கிடக்கு. அதுக்குள்ளை குரு செத்திட்டாரோ?"

நிஜ வியாழன் அந்த நாட்களில் விடியப்புறம்தான் எழும்பும் என்று விளக்கினேன். மாமிக்கு அரைத் திருப்தி.

ஒன்பதரைக்கு மேல் அது கிடைத்தது. நீலப்பச்சையில் ஒரு பொட்டு, பஞ்சில் தொட்டு வைத்தது போல. நேரே பார்த்தால் மங்கும், ஓரக்கண்ணால் பார்த்தால் துலங்கும். மங்கல் வெளிச்சத்துக்கு விழித்திரையின் ஓரம்தான் கூர்மை. மாமிக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவை இருக்கவில்லை. முப்பது வருடமாக எதிர்வீட்டை அப்படித்தான் பார்த்து வருகிறா.

"என்ன பச்சை உது?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. 1864இல் வில்லியம் ஹகின்ஸ் வேறொரு கோள் நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்ததையும், பூமியில் இல்லாத பச்சைக் கோடு கண்டு அதற்கு 'நெபுலியம்' என்று ஒரு மூலகமே உண்டாக்கியதையும் சொன்னேன். 1927இல் ஐரா போவன் வந்து, அது இரண்டு இலத்திரனை இழந்த ஒட்சிசன்தான் என்று முடித்துவைத்தார். இல்லாத கோட்டை, இல்லாத கோள், இல்லாத நெபுலியம் என்று நான் கதையை வளர்த்துக்கொண்டு போக, மாமி குழாயைவிட்டு எழும்பவேயில்லை.

"அப்ப உது முழுக்கக் காஸே?"

"ஓம் மாமி. முழுக்கக் காஸ்."

"நாலு நாளா கியூவிலை நிண்டு வெறும் சிலிண்டரோடை திரும்பி வாறன். உங்கை பார், ஒருத்தரும் இல்லாத இடத்திலை உவ்வளவு காஸ்!"

அப்போது கரண்ட் வந்தது. தெருவெல்லாம் ஒரே கூச்சல். கோபுரம் ஊதாவாகிச் சிரித்தது. குருவின் ஆவி கரைந்து போயிற்று. மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கி ஓடினா, திரும்பப் போகமுதல் ரைஸ் குக்கரைப் போட.