கறுப்புத்திரைக்காரர்

எந்த ஐ.டி. அலுவலகத்திலும் இவர் ஒருவர் இருப்பார். மவுஸைத் தொடுவது இவருக்குக் கௌரவக் குறைச்சல். கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பதுதான் ஆண்மை, மேன்மை எல்லாம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு ஃபைலை ரீசைக்கிள் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனால் பின்னால் வந்து நிற்பார். "அழிக்கணும்னா அழிச்சிடணும்மா. எதுக்கு ஊர்வலம்?"

இவர் ஆயுதம் ஆர்.எம். மைனஸ் ஆர்.எஃப். 'ஆர்' என்றால், உள்ளுக்குள் இருக்கும் ஃபோல்டர்களிலும் புகுந்து அழி. 'எஃப்' என்றால், என்னிடம் எதையும் கேட்காதே. வீட்டில் யாரும் இவர் பேச்சுக்கு இப்படிக் கட்டுப்படுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே ஆர்.எம். இருப்பதை, ஏதோ சொந்தத் தாத்தா எழுதி வைத்ததைப் போலச் சொல்லிக்கொள்வார்.

டீ நேரத்தில் 'டாய் ஸ்டோரி 2' கதை நடக்கும். 1998-இல் பிக்ஸாரில் யாரோ அடித்த ஆர்.எம். கட்டளையில் பாதி முடிந்திருந்த படத்தின் ஃபைல்கள் மளமளவென்று மறைந்தன, பேக்கப்பும் கைவிட்டது, கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் காப்பாற்றியது. "பேக்கப்! பேக்கப்!" என்று மேஜையைத் தட்டுவார். சார் எப்போது எடுத்தார் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வராது.

அன்றைக்கு இவர் அடிக்க நினைத்தது 'ஸ்டார் டாட் ஓ'. கம்பைல் செய்ததில் மிஞ்சிய குப்பை மட்டும் போகும். ஆனால் ஸ்டாருக்கும் டாட்டுக்கும் நடுவில் கட்டைவிரல் ஸ்பேஸ்பாரில் பட்டுவிட்டது. வெறும் ஸ்டார் என்றால் கண்ணில் படும் அத்தனையும். அடுத்து, 'டாட் ஓ' என்று இல்லவே இல்லாத ஒரு ஃபைல். 'எஃப்' போட்டிருப்பதால், அப்படியொன்று இல்லையே என்றுகூட மெஷின் முனகாது. கர்ஸர் அடுத்த வரியில் சமர்த்தாகச் சிமிட்டியது. கமிட் செய்யாத ஒரு வார வேலை காலி.

சட்டென்று கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "சர்வர் யாருக்காச்சும் ஸ்லோவா இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டார். பிறகு மெல்ல நடந்து அந்தப் பெண்ணின் இருக்கைக்கு வந்தார்.

"ஏம்மா, காலைல அந்த ஃபோல்டரை உன் டெஸ்க்டாப்ல காப்பி பண்ணே இல்ல?"

"ஆமா சார். 'ஃபைனல் புதுசு 3'."

பென் டிரைவை நீட்டினார். நகல் ஏறி முடியும்வரை மூச்சு விடவில்லை. பத்திரமாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட பிறகுதான் குரல் திரும்பியது.

"டெஸ்க்டாப்ல இப்படிக் குப்பை சேர்க்கக் கூடாதும்மா. டெலிட் பண்ணிடு."