லயத்து வாசலில் மணம்: ஒட்டுப்பால் முன்னிலையில் ஓர் ஆராய்ச்சி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டுப் படிக்கும் அதன் எதிரே ஓடும் சாக்கடைக்கும் நடுவே எஞ்சிக் கிடக்கும் நாலு முழ நிலத்தில் எந்தப் புஷ்பச் செடியை வைத்தால் பரிமளம் மிகும் என்பது, ரப்பரை ஆராய்வதற்கென்று 1925-ஆம் ஆண்டிலேயே தனிக் கழகம் கண்ட இந்த நாட்டில், இன்றுவரை எந்தப் பண்டிதராலும் தீர்க்கப்படாத பிரச்சினையாகவே இருந்துவருகிறது. பால்மரத்துக்கு 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்று குலமும் இலக்கமும் உண்டு. அதன் நிழலருகே வாழும் மல்லிகைக்கோ 'மூணாவது லயத்து அத்தை குடுத்தது' என்பதற்குமேல் வம்சாவளி கிடையாது. இக்குறையை நிவர்த்திக்கவே யாம் இதனை மேற்கொண்டோம். முன்னோர் எவரும் இத்துறையில் நுழையாமையால் எம்மை மறுப்பாரும் இலர் என்பது கூடுதல் வசதி.

முதற்கண் சொல்லாராய்ச்சி. 'மணம்' என்பது வாசனையையும் கல்யாணத்தையும் ஒருங்கே குறிக்கும், இரண்டும் முதல் நாள் பக்கத்து லயம்வரை தெரிந்து, பின்னர் வீட்டிலுள்ளாருக்கே தெரியாமற் போவதால் இவ்வாறு பெயர் பெற்றன போலும் (வாய்மொழி, குழாயடிப் பதிப்பு). நிகண்டுகாரர் அறியாத மூன்றாம் மணம் ஒன்றுண்டு, அது ஒட்டுப்பாலினுடையது. மரத்தடியில் பாலேந்தும் மங்கில் உறைந்த கட்டிப்பாலும் வெட்டுக்கோட்டிலிருந்து உரித்தெடுத்த ஒட்டுப்பாலும் சாக்கில் அடைபட்டு இரண்டு நாள் கிடக்குமாயின், கிருமிகள் அதிலுள்ள புரதத்தைச் சிதைத்து எழுப்புகிற புளித்த நாற்றம், மூன்று முறை சவர்க்காரமிட்டுக் கசக்கிய சட்டையின் கழுத்துப் பட்டியிலும் விடாப்பிடியாகத் தங்கிவிடும். பூந்தோட்டம் அமைப்பது பற்றி மேனாட்டார் எழுதிய நூல்கள் சுத்தமான காற்றை நம்பி எழுதப்பட்டவையாதலால் ஈண்டுப் பயன்படா. மல்லிகையின் பரிமளத்தில் இண்டோல் என்றொரு பொருள் சிறிதளவு உண்டென்றும், மலத்தின் துர்நாற்றத்திலும் அதற்குப் பங்குண்டென்றும் ரசாயன சாஸ்திரிகள் கண்டிருக்கின்றனர். ஆகவே மல்லிகை ஒட்டுப்பாலோடு போரிடுவதில்லை, உறவு கொண்டாடுகிறது என்பது எம் துணிபு.

இனி வகைகள். செம்பருத்தி: 1960-இல் தேசிய மலர் ஆயிற்று, மணமில்லை, பதவிக்கு அது வேண்டியதில்லை என்பது இதனாற் பெறப்படும். கனகாம்பரம்: மணமும் இல்லை, பதவியும் இல்லை. மனோரஞ்சிதம்: பாம்பு வரும் என்பர், வந்த பாம்பைக் கண்டவர் எப்போதும் வேறு தோட்டத்தில் இருக்கிறார். பவழமல்லி: விடியுமுன் உதிர்வது, குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியுமாதலால் வீட்டார் அந்நேரம் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்விடுவர், அதனை அனுபவிப்பன கோழிகள். கம்போஜா: மலாய் மக்கள் இடுகாட்டில் வைக்கும் மரம், இருட்டில் அதன் வாசனை வந்தால் பொந்தியானாக் என்னும் பெண்பேய் அருகில் நிற்கிறதென்பது நம்பிக்கை, ராத்திரியில் ஊர்சுற்றும் பிள்ளையை உடையார் நடலாம்.

மகிழமரத்தைப் பற்றிச் சற்று விரிக்க வேண்டியிருக்கிறது. இதன் பூவை மலாய்க்காரர் 'பூங்கா தஞ்சோங்' என்பர். 'பூங்கா' தூய தமிழ் என்பதற்குச் சான்று வேண்டா, 'தஞ்சோங்' தஞ்சையே. ஆக, கப்பலேறி வந்த சோழநாட்டார் மூட்டையோடு ஊரையும் கொண்டுவந்தனர் என்பது வெள்ளிடைமலை. மல்லிகைக்கு அவர்கள் வழங்கும் 'மெலோர்' மதுரையை அடுத்த மேலூரன்றி வேறு யாது? 'தஞ்சோங் என்றால் கடலுக்குள் நீண்ட நிலமுனை ஐயா, போர்ட்டிக்சன் பக்கத்தில் கலங்கரை விளக்கம் நிற்கும் தஞ்சோங் துவானைப் பாரும்' என்று பள்ளிச் சிறுவன் ஒருவன் தடை எழுப்பினான். அம்முனை நிலப்பக்கமெல்லாம் நெகிரி செம்பிலான் சூழ இருந்தும் மலாக்காவைச் சேர்ந்ததாதலால், இவ்வாராய்ச்சியை அது கட்டுப்படுத்தாது. எம் கொள்கைக்கு மூலாதாரம் பழைய பால் கணக்குப் புத்தகம் ஒன்றின் பின்னட்டைக் குறிப்பு (பென்சில் எழுத்து, காப்பிக் கறை இரண்டு, ஸ்டோர்ப் பிரதியில் ஒரு கறையே காணப்படுவதால் அது பிற்காலத்தது), அதில் கரையான் அரித்துவிட்ட மூன்று வரிகளில்தான் இவ்விஷயம் தெளிவாகக் கூறப்பட்டிருந்தது. இதனைக் கேட்டு நகைப்போர், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களுள் இன்ன பெயருக்கு இன்ன செடி என்று வழக்காடிய பெரியோரின் ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பாராக. வழக்கின் நடுவே யாரேனும் ஒரு பூவை எடுத்து முகர்ந்ததாக எமக்குக் குறிப்புக் கிட்டவில்லை.

எஞ்சியது மல்லிகை. நெகிரி செம்பிலானின் 'அடாட் பெர்பாத்தே' வழக்கத்தில் பூர்விக நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். லயத்துத் தமிழருக்கு நிலமே இல்லாதபோது வழக்கம் எங்கிருந்து வந்தது என்பார் சரித்திரக்காரர். வாசலில் வந்து பார்த்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். இந்த மல்லிகை விதை கொள்வதில்லை. தாழ்ந்த கொம்பொன்றை வளைத்து, கணுவருகே தோலை நகத்தால் இலேசாகக் கீறி, மண்ணில் புதைத்து, அது நிமிர்ந்துவிடாதபடி உடைந்த மங்கைக் கவிழ்த்து மேலே கல்லை ஏற்றி, வேர்விட்ட பின் அறுத்தெடுக்கும் பதியனால் பெருகுவது. மகள் பகாவுக்கோ ரந்தாவுக்கோ வாழ்க்கைப்பட்டுப் போகையில், பாய்க்கும் பாத்திரத்துக்கும் இடையே பால் டின்னில் ஒரு பதியனும் லாரி ஏறும். லயங்கள் இடிந்து, பால்மரம் நின்ற நிரைகளில் செம்பனை நிற்கும் இந்நாளில், அச்செடி சிரம்பான் தாமான் வீட்டு இரும்புக் கதவோரம் பூக்கிறது. முன்போல் வாசனை இல்லை என்கிறார் எம் தாயார். ஒட்டுப்பால் இல்லாக் குறையே அது என்று விளக்கினோம். 'போடா, தண்ணி ஊத்து' என்று மறுத்துரைத்தார். எம் கொள்கைக்கு வந்த மறுப்பு இதுவொன்றே.

பதியன் வேண்டுவோர் மழை தொடங்கியதும் வரலாம். வரும்போது பால் டின் ஒன்று கொண்டுவருக. அடியில் ஆணியால் நாலு துளையிட்டுக் கொண்டுவருக. சென்ற முறை வந்த பேராசிரியர் துளையில்லாத டின்னில் வாங்கிப் போய், செடி அழுகியதற்கு எங்கள் மண்ணைக் குறைகூறி முப்பது பக்கம் எழுதியிருக்கிறார்.