முத்துநகரிலிருந்து ஒரு டூர்

எங்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறார்களாம். தூத்துக்குடிக்காரனுக்குக் கடலைப் பார்க்க மெரினாவா?
*– ஒரு தந்தை, தூத்துக்குடி*

பார்க்க இல்லை, சுண்டல் கொறிக்க!

எழும்பூர் அருங்காட்சியகத்தை மட்டும் தவறவிட வேண்டாம். 1899 தொடங்கித் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த இரும்பு, வெண்கலப் பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்துச் சொத்து. 1876-ல் அதே ஆதிச்சநல்லூரிலிருந்து ஜாகோர் என்ற ஜெர்மானியர் அள்ளிப்போனவை பெர்லினில். அங்கேயும் டூர் போட்டால் தலைமையாசிரியரிடம் எனக்கொரு சீட் சொல்லி வையுங்கள்.

சென்னையில் எங்கள் ஊர்ப் பெரியவர் யாரையாவது பிள்ளைகள் பார்க்க முடியுமா?
*– ஓர் ஆசிரியை, ஓட்டப்பிடாரம்*

கிண்டி காந்தி மண்டபத்துக்குப் போகச் சொல்லுங்கள் டீச்சர். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய உங்கள் ஊர் வ.உ.சி., கோவைச் சிறையில் இழுத்த செக்கு அங்கே நிற்கிறது. செல்ஃபிக்கு முன்னால் ஒருவனையாவது அதைத் தள்ளிப் பார்க்க விடுவார்களா என்று காவலாளியிடம் கேளுங்கள்.

சென்னைப் பிள்ளைகள் பதிலுக்கு இங்கே வந்தால் முத்துக்குளிப்பைக் காட்டலாமா?
*– பத்தாம் வகுப்பு மாணவன், திரேஸ்புரம்*

1961-க்குள் வந்திருந்தால் காட்டியிருக்கலாம், தம்பி. கடைசி முத்துக்குளிப்பு அந்த ஆண்டுதான். இப்போது மூழ்குகிறவர்கள் சங்குக்காக மூழ்குகிறார்கள். உங்கள் ஊர் மக்ரூனைக் காட்டு, போதும்.